முதல் பச்சை: இப்போதே குத்துவதா, பூசிப் பார்ப்பதா, பொறுத்திருப்பதா?

மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சிறு பறவை. அல்லது தோள்பட்டையில் அம்மாவின் கையெழுத்திலேயே ஒரு சொல். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தாலும், அலுவலகக் கூட்டம் இழுத்துக்கொண்டே போனாலும், மனம் அந்தப் படத்தைத் தானாக வரைந்து பார்க்கத் தொடங்கிவிடுகிறது. வளையல் போட்டால் மறையுமா, அரைக்கைச் சட்டையில் தெரியுமா என்று கணக்குப் போடுகிறது. பிறகு அப்பாவின் முகம் நினைவுக்கு வருகிறது, ஊசி நினைவுக்கு வருகிறது, படம் கலைந்துபோகிறது. அடுத்த வாரம் மறுபடி வருகிறது.

இப்படி ஆண்டுக்கணக்கில் இருப்பவர்களை எனக்குத் தெரியும். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: பச்சை குத்திக்கொள்ளலாமா, வேண்டாமா? நடைமுறையில் பார்த்தால் எதிரில் இருப்பவை நான்கு வழிகள். நல்ல கடையில் சிறியதாக நிரந்தரமாகக் குத்திக்கொள்ளலாம். தானாக மறையும் ஒன்றைப் பூசிப் பார்க்கலாம். திருவிழாக் கடையிலோ நண்பர் கையாலோ மலிவாக முடித்துவிடலாம். ஆறு மாதம் பொறுத்திருக்கலாம். ஊசிக்குப் பயப்படுகிறவருக்கும், மாமியார் என்ன சொல்வாரோ என்று பயப்படுகிறவருக்கும் ஒரே வழி பொருந்தாது. எதற்காகத் தயங்குகிறோம் என்று முதலில் தெரிந்துகொண்டால் தேர்வு பாதி முடிந்தது.

## எதைக் கொண்டு எடை போடுவது

திரும்பி வர வழி இருக்கிறதா. இதுதான் எல்லாவற்றிலும் கனமானது. நம் மேல்தோல் ஏறக்குறைய ஒரு மாதத்தில் உதிர்ந்து புதிதாகிவிடும். டாட்டூ ஊசி அதற்கும் கீழே, ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில், உள்தோலில் மையை இறக்குகிறது. அங்கே உடலின் காவல் செல்கள் மைத்துகள்களை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அந்தச் செல்கள் இறக்கும்போது வெளியே வரும் மையைப் புதிய செல்கள் மறுபடி விழுங்கிக்கொள்கின்றன என்பதை 2018இல் பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். படம் வாழ்நாள் முழுக்க நிற்பது இந்தக் கைமாற்றத்தால்தான். ஆகவே ஊசியால் உள்தோலில் ஏற்றிய மை ஓரிரு ஆண்டில் சுத்தமாகப் போய்விடும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

உடலுக்கு ஏற்றதா. தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்கள், அதாவது காது குத்திய இடத்திலோ அம்மை ஊசி போட்ட இடத்திலோ கெலாய்டு வந்தவர்கள், கட்டாயம் யோசிக்க வேண்டும். மாநிறத்திலும் கறுப்புத் தோலிலும் அது வரும் வாய்ப்பு அதிகம். சோரியாசிஸ், வெண்புள்ளி உள்ளவர்களுக்குக் காயம் பட்ட இடத்திலேயே புதிதாக அது தோன்றக்கூடும். ஊசி குத்துவதும் காயம்தான். கட்டுப்படாத சர்க்கரை நோய், இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, கர்ப்பம் ஆகியவை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் செய்யக்கூடாது.

வேலையும் வீடும். இராணுவத்திலோ மத்திய ஆயுதக் காவல் படைகளிலோ சேரும் எண்ணம் துளியாவது இருந்தால், இடம் பார்த்துக் குத்த வேண்டும். மத்தியப் படைகளின் விதிப்படி சல்யூட் அடிக்காத இடது முன்கையின் உள்பக்கம் அல்லது புறங்கையில்தான் இருக்கலாம். அளவும் அந்தப் பகுதியில் கால் பங்குக்குள் அடங்க வேண்டும். வலது கையில் குத்தியிருந்ததால் மருத்துவப் பரிசோதனையில் நிராகரிக்கப்பட்டு நீதிமன்றம்வரை போனவர்கள் இருக்கிறார்கள். விமானப் பணிப்பெண், பணியாளர் வேலைகளில் சீருடைக்கு வெளியே தெரியும் பச்சையைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்பதில்லை.

முழுச் செலவு. கடையில் கொடுக்கும் பணம் மட்டும் செலவாகாது. பின்பராமரிப்பு, சில ஆண்டுகள் கழித்து மறுபடி தீட்டுவது, வேண்டாமென்றால் நீக்குவது எல்லாம் இதில் சேரும். இரத்த தானம் செய்கிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும்: இந்தியாவில் பச்சை குத்திய பிறகு 12 மாதம் இரத்தம் கொடுக்க முடியாது. அரிய வகை இரத்தம் உள்ளவருக்கும், வீட்டில் யாருக்காவது அடிக்கடி இரத்தம் தேவைப்படுகிறவருக்கும் இது சிறிய விஷயம் இல்லை.

ஆசை தீருமா. பட்டியலில் கடைசியாக வைத்தாலும் இதை மறந்துவிட்டு எடை போடுவதில் பொருள் இல்லை. எவ்வளவு பாதுகாப்பான வழியாக இருந்தாலும், அது மனம் கேட்டதைத் தராவிட்டால் மறுபடி அதே பஸ் ஜன்னலுக்குத்தான் திரும்பி வருவோம்.

## வழி ஒன்று: நல்ல கடையில், சிறியதாக, நிரந்தரமாக

ஆசையை முழுமையாகத் தீர்ப்பது இது ஒன்றுதான். பயம் இருந்தாலும் உட்கார்ந்தோம், வலியைத் தாங்கினோம், இனி இது என்னுடையது என்ற நிறைவு பூசும் சாயத்தில் கிடைக்காது. வலி பற்றிய பயம் பெரும்பாலும் நிஜத்தைவிடப் பெரியது. மேல்கையின் வெளிப்பக்கத்திலும் முன்கையிலும் சுரீர் என்று எரியும் உணர்வு இருக்கும், தாங்கலாம். விலா எலும்பு, கணுக்கால், பாதம் ஆகியவை வேறு கதை. முதல் பச்சைக்கு அவை வேண்டாம்.

கடைக்குள் பார்க்க வேண்டியவற்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நல்ல கடையையும் மோசமான கடையையும் பிரிப்பது சுவரில் தொங்கும் படங்கள் இல்லை. ஊசி இருக்கும் சிறு கார்ட்ரிட்ஜ் முத்திரையிட்ட உறையில் வரும். அதை உங்கள் கண் முன்னால் கிழித்து எடுக்க வேண்டும். பெரிய பாட்டிலிலிருந்து மையைக் கட்டைவிரல் நகம் அளவுள்ள பிளாஸ்டிக் குப்பியில் உங்களுக்கென்று தனியாக ஊற்றி, முடிந்ததும் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். மிஷினுக்கும் அதன் வயருக்கும் மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறை சுற்றியிருக்க வேண்டும். கையுறையோடு போனை எடுத்துப் பேசிவிட்டு அதே கையுறையோடு மறுபடி தோலைத் தொட்டால், எழுந்து வந்துவிடலாம். முன்பணம் போனாலும் பரவாயில்லை.

அடுத்து ஸ்டென்சில். வரைந்த படத்தை ஊதா நிறத்தில் தோலில் ஒட்டி எடுப்பார்கள். அதோடு எழுந்து கண்ணாடி முன் நில்லுங்கள், கையைத் தொங்கவிட்டுப் பாருங்கள், மடக்கிப் பாருங்கள். கோணலாக இருந்தால் துடைத்துவிட்டு வேறிடத்தில் ஒட்டச் சொல்லலாம். நல்ல கலைஞர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். எழுத்து என்றால் கூட வந்தவரை ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பல கலைஞர்கள் படமாக மட்டுமே பார்த்து வரைவதால் ஒரு புள்ளி விடுபட்டுப்போவது எளிது.

தமிழ் எழுத்தை விரும்புகிறவர்களுக்கு ஒரு தொழில்நுட்பச் சிக்கல் இருக்கிறது. தோலில் இறங்கிய கோடு ஆண்டுகள் போகப் போகச் சற்றே பரவும். ண, ஞ, ணை போன்ற எழுத்துகளின் சுழிகளைப் பொடியாகக் குத்தினால், பத்தாண்டில் உள்ளிருக்கும் இடைவெளி அடைந்து ஒரு கறுப்புப் பொட்டாகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளி கீழே உள்ள கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஒரு சொல் எழுதுவதானால், நினைத்த அளவைவிடப் பெரிதாக, சுழிகள் நன்றாகத் திறந்திருக்கும்படி எழுதச் சொல்லுங்கள். விரலில் வேண்டவே வேண்டாம்; அங்கே கோடு பரவுவதும் அதிகம், மங்குவதும் வேகம்.

நிறத்திலும் நம் தோலுக்குத் தனிக் கணக்கு உண்டு. மையின் மேலே நமது நிறமி உள்ள மேல்தோல் ஒரு திரையாக நிற்கிறது. கறுப்பு அதன் வழியாகவும் தெளிவாகத் தெரியும். வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு எல்லாம் மங்கிப்போகும். சிவப்பு மையில்தான் ஒவ்வாமை அதிகம் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் டாட்டூ மையில் 4000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களுக்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. ஆகவே மையின் பெயர், தயாரிப்பு நாடு, காலாவதித் தேதி ஆகியவற்றைக் கேட்டுப் பார்ப்பது நம் உரிமை. முதல் பச்சைக்குக் கறுப்பு போதும் என்பது என் உறுதியான கருத்து.

மறைந்திருக்கும் செலவுகளில் பெரியது நீக்குவது. லேசர் மையை உடைத்துத் துகளாக்கும், உடல் அதை மெல்ல அகற்றும். ஆறு முதல் எட்டு வார இடைவெளியில் பல அமர்வுகள் தேவைப்படும், மொத்தச் செலவு குத்திய செலவைப் பல மடங்கு தாண்டிவிடும். கறுப்பு மைக்கு 1064 நானோமீட்டர் அலைநீள லேசர் பயன்படுகிறது, அது மாநிறத் தோலுக்கும் ஓரளவு பாதுகாப்பானது. சிவப்பு மைக்கான 532 நானோமீட்டர் ஒளி நம் தோலின் நிறமியையும் சேர்த்துத் தாக்கித் திட்டுகளை உண்டாக்கக்கூடும். பச்சை நிற மையும் நீல மையும் எளிதில் அசையாது. முதல் பச்சை கறுப்பாக இருக்கட்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம்.

பிறகு காலம். காயம் மேலாக ஆற இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை நீச்சல் குளம், கடல், ஆறு, கோயில் குளம் எதிலும் இறங்கக் கூடாது. நேரடி வெயில் படக் கூடாது. கத்தரி வெயிலில் வியர்வையோடு பஸ்ஸில் போய்வர வேண்டியவர் மே மாதத்தில் குத்திக்கொள்வது நல்ல யோசனை இல்லை. சபரிமலைக்கு மாலை போடப்போகிறவர் யாத்திரை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் பாசத்தோடு மஞ்சள் அரைத்துப் பூசச் சொல்வார்கள். திறந்த காயத்தில் அம்மிக்கல் மஞ்சள் வேண்டாம். மென்மையான சோப்பும் தண்ணீரும், வாசனை சேர்க்காத களிம்பு மெல்லிய பூச்சாகவும் போதும். உரியும் தோலை நகத்தால் கிள்ளினால் அங்கே மையும் சேர்ந்து போய்விடும்.

## வழி இரண்டு: பூசிப் பார்ப்பது

இதில் மூன்று வகை. தண்ணீர் வைத்து ஒட்டும் ஸ்டிக்கர் சில நாள் இருக்கும். மருதாணி ஒன்று முதல் மூன்று வாரம் நிற்கும், ஆனால் செம்பழுப்பாகத்தான் பிடிக்கும், பச்சையின் தோற்றம் வராது. ஜாகுவா என்பது தென் அமெரிக்கக் காடுகளில் விளையும் ஒரு பழத்தின் சாறு. பூசியபோது மங்கலாக இருந்து ஒன்றிரண்டு நாளில் கருநீலமாக ஏறும், ஏறக்குறைய இரண்டு வாரத்தில் தோலோடு உதிர்ந்துவிடும். பார்வைக்கு உண்மையான பச்சைக்கு மிக அருகில் வருவது இதுதான். ஆன்லைனில் கூம்பாகக் கிடைக்கிறது. பழ ஒவ்வாமை உள்ளவர்கள் முதலில் ஒரு பொட்டு மட்டும் வைத்துப் பார்க்க வேண்டும்.

இங்கே ஆபத்து ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது: கறுப்பு மருதாணி. மருதாணி இலை கறுப்பாகச் சிவக்காது. கடற்கரையிலோ பொருட்காட்சியிலோ அரை மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் மருதாணியில் முடிச்சாயத்தில் உள்ள பி.பி.டி. என்ற வேதிப்பொருள் கலந்திருக்கும். கொப்புளம், தழும்பு வருவதோடு அது நிற்காது. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் வாழ்நாள் முழுக்க முடிச்சாயம் போட முடியாமல் போகலாம்.

சோதனையை எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் இதன் பயன் இருக்கிறது. கல்யாண வீட்டுக்குப் போகும்போது பூசினால் எல்லோரும் அழகு என்பார்கள், அதில் எதுவும் தெரியாது. சாதாரண வேலை வாரத்தில், குத்த நினைக்கும் அதே இடத்தில், அதே அளவில் பூசுங்கள். திங்கட்கிழமை காலை பல் துலக்கும்போது அதைப் பார்க்கும் நம் முகம் எப்படி இருக்கிறது, மேலாளரிடம் கோப்பை நீட்டும்போது சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொள்கிறோமா என்பதைக் கவனியுங்கள். மறைந்த பிறகு வெறுமையாக இருக்கிறதா, நிம்மதியாக இருக்கிறதா? இந்த ஒரு தகவலுக்காகவே சில நூறு ரூபாய் செலவழிக்கலாம்.

குறை என்னவென்றால், சிலருக்கு இது ஆசையைக் கூட்டுமே தவிரத் தீர்க்காது. வேறு சிலருக்கு இதிலேயே தீர்ந்துபோகும். அவர்களுக்கு இது பெரும் இலாபம்.

## வழி மூன்று: திருவிழாக் கடை, நண்பரின் ஊசி

நம் பாட்டிமார் கையில் இருக்கும் பச்சை எல்லாம் இப்படி வந்தவைதான். குறத்தி ஊருக்குள் வருவார், திண்ணையில் உட்காருவார், விளக்குக் கரியைக் குழைத்து ஊசியால் கோலப் புள்ளிகளும் தேளும் உடன்பிறந்தவர் பெயரும் குத்துவார். என் அப்பத்தாவின் முன்கையில் நான்கு வரிசைப் புள்ளிகளும் அவற்றின் கீழே ஒரு பெயரும் இருந்தன. புள்ளிகள் கடைசிவரை தெரிந்தன. பெயர் பரவிப்போய் யாராலும் படிக்க முடியாத பச்சைப் படலமாக ஆகியிருந்தது. தம்பி பெயர் என்று அவர் சொல்லித்தான் தெரியும். இறந்தபின் நகையெல்லாம் கழற்றிவிடுவார்கள், இதை மட்டும் யாரும் கழற்ற முடியாது என்பார். அந்த மரபின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. பச்சை குத்துவது நம் பண்பாடு இல்லை என்று இன்று சொல்கிறவர்களுக்கு நம் வீட்டுப் பெரிய மனுஷிகளின் கைகளே பதில்.

ஆனாலும் இந்த வழியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கூட்டத்தில் ஒரே ஊசி, ஒரே மைக்கிண்ணம் பலரைத் தொடுகிறது. ஹெபடைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே, காய்ந்த இரத்தத்தில், ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. ஆகியவையும் இரத்தம் வழியே பரவுபவை. தண்ணீரில் கழுவுவதோ தீக்குச்சியில் காட்டுவதோ கிருமிநீக்கம் ஆகாது; ஆட்டோகிளேவ் என்ற கிருமிநீக்கக் கலனில் 121 டிகிரி அழுத்த நீராவியில் குறைந்தது 15 நிமிடம் வைத்தால்தான் கருவி சுத்தம். விடுதி அறையில் நண்பர் ஆன்லைனில் வாங்கிய மிஷினால் குத்துவதும் இதே ஆபத்துதான். அதோடு பழகாத கை ஆழம் தெரியாமல் குத்தினால் கோடு முதல் நாளே நிழல்போலப் பரவும். மிச்சமாகும் ஓரிரண்டாயிரம் ரூபாய் இந்த ஆபத்துக்கு எந்த வகையிலும் ஈடாகாது.

## வழி நான்கு: ஆறு மாதம் பொறுத்திருப்பது

சும்மா தள்ளிப்போடுவதை நான் இதில் சேர்க்கவில்லை. தேதி குறித்துப் பொறுப்பது வேறு. அந்த ஆறு மாதத்தில் உருப்படியாக ஒரு வேலை செய்யலாம்: ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி. முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம் என்று மூன்று தவணை. குழந்தைகளுக்கான தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இது நாடு முழுதும் சேர்ந்தது 2011இல்தான். ஆகவே இன்று இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருப்பவர்களில் பலர் போட்டிருக்க மாட்டார்கள். பச்சை குத்தாமலே போனாலும் இந்த ஊசி வீணாகாது.

இன்னொரு வேலை, கனவைக் கவனிப்பது. ஒவ்வொரு முறை படம் மனதில் வரும்போதும் என்ன படம், எந்த இடம் என்று போனில் ஒரு வரி குறித்து வைக்கலாம். ஆறு மாதக் குறிப்பைச் சேர்த்துப் படித்தால் சில விஷயங்கள் பிடிபடும். படம் மாறிக்கொண்டே இருந்து இடம் மட்டும் மாறவில்லை என்றால், பச்சை வேண்டும் என்பது உறுதி, படம்தான் இன்னும் கிடைக்கவில்லை. படம் அதேதான், இடம் மட்டும் முன்கையிலிருந்து தோளுக்கும் தோளிலிருந்து முதுகுக்கும் நகர்ந்துகொண்டே இருந்தால், யாரோ பார்த்துவிடுவார்கள் என்ற பயம்தான் அதை நகர்த்துகிறது. அப்படிப்பட்டவர் பேச வேண்டியது டாட்டூ கலைஞரிடம் இல்லை, வீட்டில். வேலையில் மனம் நொந்த நாட்களில் மட்டுமே படம் வருகிறது என்றால், வாழ்க்கையில் வேறெதையோ மாற்ற வேண்டியிருக்கிறது.

இதற்கும் மறைந்த செலவு உண்டு. காலக்கெடு இல்லாத பொறுமை நாளடைவில் மனக்குறையாகும். இருபத்தைந்தில் அப்பாவுக்காக, முப்பதில் கணவருக்காக, நாற்பதில் பிள்ளைகளுக்காக என்று தள்ளிப்போட்டவர்கள் பேசும்போது அதில் பச்சையைப் பற்றிய வருத்தம் மட்டும் இருப்பதில்லை.

## ஒரே பார்வையில்

| | நல்ல கடை | பூசுவது | திருவிழா, நண்பர் | ஆறு மாதம் |
|---|---|---|---|---|
| திரும்ப வழி | லேசர் மட்டும்; முழுதும் நீங்கும் உறுதி இல்லை | தானே மறையும் | லேசர் மட்டும் | முழுமையாக உண்டு |
| உடல் ஆபத்து | சுத்தமான கடையில் குறைவு | குறைவு. கறுப்பு மருதாணி தவிர | மிக அதிகம் | இல்லை |
| இரத்த தானம் | 12 மாதம் நிறுத்தம் | தடை இல்லை | 12 மாதம் நிறுத்தம் | தடை இல்லை |
| மறைந்த செலவு | மறுபடி தீட்டுவது, நீக்குவது | திரும்பத் திரும்ப வாங்குவது | சிகிச்சை, திருத்தும் பச்சை | கெடு இல்லாவிட்டால் மனக்குறை |
| ஆசை தீருமா | தீரும் | சிலருக்கு | அவசரத்தில் தீரும் | தெளிவு கிடைக்கும் |

## யாருக்கு எது

ஒரே படம், ஒரே இடம், ஓராண்டுக்கு மேலாக மாறவில்லை, உடலில் சிக்கல் இல்லை, தடுப்பூசி போட்டாயிற்று என்றால் வழி ஒன்று. இனி ஊசிதான் தடை என்றால் அது சில நிமிட விஷயம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

படம் உறுதியாகாதவர், வேலை மாறும் நிலையில் இருப்பவர், காதல் தொடங்கி மூன்று மாதமே ஆகியிருக்க அந்தப் பெயரைக் குத்த நினைப்பவர் எல்லோருக்கும் வழி இரண்டு. சீருடைப் பணித் தேர்வு எழுதுகிறவர், கெலாய்டு வரலாறு உள்ளவர், கருவுற்றவர் ஆகியோர் பொறுப்பதே சரி. அவர்களுக்கும் ஜாகுவா இருக்கவே இருக்கிறது, கருவுற்றவர் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

வீட்டை நினைத்துத் தயங்குகிறவர்கள்தான் நம்மிடையே அதிகம். பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற அம்மாவின் கவலையைப் பழமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு அது உண்மையான கவலை. இப்படித் தயங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, ஜாகுவாவைப் பூசிக்கொண்டு, பூசியதுதான் என்று சொல்லியே அம்மாவிடம் காட்டுங்கள். படம் எதற்காக, ஏன் அந்த இடம் என்று சொல்லுங்கள். பாட்டியின் கையில் இருந்த பச்சையைப் பற்றிக் கேளுங்கள். கோபம் வந்தால் இரண்டு வாரத்தில் மறைந்துவிடும் ஒன்றின் மேல்தான் வரும். ஆறாவது மாதத் தடுப்பூசி போடும் வரை அந்தப் பேச்சைத் தொடர நேரம் இருக்கிறது.